வீட்டு வாடகையும் வழியிற் கழியும் நேரமும்

நகரத்திலே தொழில் செய்யும் ஒருவர் தம் குடும்பத்துக்கு வீடு தேடும்போது இரண்டு வழிகள் அவர் முன் நிற்கின்றன. கந்தோருக்கு அண்மையில் மிகுந்த வாடகை கொடுத்துச் சிறிய வீட்டில் இருத்தல் ஒன்று. தொலைவிலே குறைந்த வாடகைக்கு முற்றமும் கிணறும் உள்ள வீட்டைப் பெற்று, நாள்தோறும் போய்வருதல் மற்றொன்று. பலர் இரண்டாவதையே இலாபமெனக் கொள்வர். அவ்விலாபம் எத்துணை மெய்யானது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

தொலைவு மிக வாடகை குறைவது ஏன்? யேர்மனியரான வொன் தூனன் என்பார் 1826 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு அடிப்படையான விளக்கந் தந்தார். சந்தைக்கு அண்மையிலுள்ள விளைநிலத்துக்குப் பண்டம் ஏற்றிச் செல்லுஞ் செலவு குறைவு. ஆதலின் அந்நிலம் கூடிய குத்தகையைப் பெறும் என்றார் அவர். 1964 இல் வில்லியம் அலொன்சோ என்னும் அறிஞர் இக்கருத்தை நகரத்து மனைகளுக்கும் பொருத்திக் காட்டினார். இதனாற் பெறப்படுவது யாது? தொலைவிலுள்ள வீட்டின் மலிவு எவரும் இனாமாக வழங்கியதன்று. பயணத் துன்பத்துக்கு ஈடாகக் கிடைக்குங் கழிவே அது.

கொழும்பு நகரம் இதற்குத் தக்க உதாரணமாகும். கோப்பி ஏற்றுவதை முதன்மை நோக்காகக் கொண்டு அமைக்கப்பட்ட புகையிரதப் பாதை 1865 இல் அம்பேபுசை வரை திறக்கப்பட்டது. கரையோரப் பாதை 1877 இற் பாணந்துறையை எட்டியது. பிற்காலத்தில் இப்பாதைகளே உத்தியோகத்தர்களை நாள்தோறும் நகருக்குக் கொண்டுவந்து மீட்டுச் செல்வனவாயின. 1948 இல் கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் வகுத்த பற்றிக் அபர்குறொம்பி என்பார் இரத்மலானை, ஹோமாகமை, ராகமை ஆகிய இடங்களிலே துணைநகரங்கள் அமைய வேண்டுமென்றார். ஆயினும், குடிகள் வெளியே பரவிய அளவுக்குத் தொழில்கள் பரவவில்லை. வீடு ஓரிடத்தும் வேலை வேறிடத்துமாக வாழ்வோர் பெருகினர்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். இதில் வருந் தொகைகள் விளக்கத்தின் பொருட்டுக் கற்பித்துக் கொண்டவை. நகர வீட்டுக்கு மாத வாடகை 80,000 ரூபா. பாணந்துறைப் பக்கத்து வீட்டுக்கு 45,000 ரூபா. வித்தியாசம் 35,000 ரூபா. மேலதிக பயணச் செலவு 5,000 ரூபாவைக் கழித்தால் எஞ்சுவது 30,000 ரூபா. நகரிலிருந்தால் நாளொன்றுக்குப் போக்குவரவில் ஒரு மணி நேரமும், வெளியிலிருந்தால் மூன்றரை மணி நேரமும் செல்லுமாயின், மிகையாகச் செல்வது இரண்டரை மணி. மாதத்தில் 22 வேலைநாட்களுக்கு இது 55 மணியாகும். ஆகவே அவர் தம் நேரத்தை மணிக்கு ஏறத்தாழ 545 ரூபாவுக்கு விற்கின்றார். கணவனும் மனைவியும் ஒருங்கே பயணஞ் செய்வராயின் மிச்சம் 25,000 ரூபாவாகக் குறையும். செலவாகும் நேரமோ 110 மணியாகும். அப்போது ஒரு மணியின் விலை 227 ரூபாவே. வாடகைக்குப் பற்றுச்சீட்டு உண்டு. வழியிற் கழிந்த நேரத்துக்கு அஃதில்லை. அதனாலேயே இக்கணக்கு பெரும்பாலும் எவராலும் எழுதப்படாது போகின்றது.

பொருளியற் கொள்கையின்படி, நெடும்பயணஞ் செய்வோர் மலிந்த வாடகையாலோ உயர்ந்த சம்பளத்தாலோ சரியீடு பெற்றுவிடுதல் வேண்டும். அலோயிஸ் ஸ்ருற்சர், புறூனோ பிறை என்னும் இருவரும் யேர்மனியில் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட கட்டுரை வேறுவிதமாகக் கூறுகின்றது. பயண நேரம் நீள நீள, வாழ்க்கையில் மனநிறைவு குறைகின்றது என்பதே அவர்கள் கண்ட முடிபு. வீட்டை அமர்த்தும் நாளில் முற்றமும் அறைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. நெரிசலில் நின்று செல்வதும், வண்டி தாமதித்த நாளில் உண்டாகும் மனக்கலக்கமும் அன்று தெரிவதில்லை. வீட்டின் விசாலம் சின்னாளிற் பழகிவிடும். நிச்சயமற்ற பயணமோ எளிதிற் பழகுவதன்று.

யாழ்ப்பாணத்தார்க்கு இச்சிக்கல் புதியதன்று. சென்ற நூற்றாண்டிலே கொழும்பில் உத்தியோகம் பார்த்த பலர் குடும்பத்தை ஊரில் விட்டுச் சமறிகளிற் கூடி வாழ்ந்தனர். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி அவர்களை விடுமுறைக்கு ஊர் சேர்த்தது. இவ்வேற்பாட்டாற் காணியும் வீடும் காக்கப்பட்டன. பிள்ளைகள் ஊரிலுள்ள நல்ல கல்லூரிகளிற் படித்தனர். ஆயினும், வீட்டுப் பாரம் முழுவதையும் தாய் சுமந்தாள். தகப்பன் விடுமுறைக்கு வரும் விருந்தாளி போலானான். நாள்தோறும் வீடு திரும்புபவரின் நிலை இதனினும் மேலென்பது உண்மையே. எனினும், பிள்ளைகள் எழுமுன் புறப்பட்டு அவர்கள் உறங்கியபின் மீள்பவர், ஒரே கூரையின் கீழிருந்தும் சமறி வாழ்க்கையையே வாழ்கின்றார் அன்றோ?

இதனால் தொலைவில் வாழ்தல் தவறென்று கொள்ளற்க. சொந்த வீடு கட்டுவோருக்குப் பல ஆண்டுக்காலப் பயணத்தின் முடிவில் ஒரு வீடு எஞ்சும். வாடகை மாத்திரம் மிச்சம் பிடிப்போருக்கு அஃது எஞ்சாது. வயது முதிர்ந்த பெற்றோருக்குப் பெரிய வீடு இன்றியமையாததாதலும் உண்டு. ஆயின், முடிவு செய்யுமுன் மூன்றனை நோக்குதல் நன்று. மிச்சப்படும் பணத்தைச் செலவாகும் மணிகளாற் பிரித்துப் பார்த்தல் முதலாவது. பயணஞ் செய்வோர் அனைவரின் நேரத்தையுஞ் சேர்த்தெண்ணுதல் இரண்டாவது. பிள்ளைகளின் வயதைக் கருதுதல் மூன்றாவது. வாடகையைப் பின்னொரு காலத்தில் உழைத்து ஈட்டலாம். ஆனால், ஆறு வயதுப் பிள்ளைக்கு மாலையிலே பாடஞ் சொல்லிக் கொடுக்கும் பொழுது அவ்வயதிலன்றிப் பின்னர் வாய்ப்பதன்று.