தானே ஓடும் கைக்கடிகாரம்: மாணவன் கைக்கு எட்டும் வழி

நம் விடுதியில் சென்ற பருவம் முதல் கைக்கடிகாரப் பித்து ஒன்று பரவியிருக்கிறது. கைபேசியிலேயே மணி தெரியும்போது கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவர்கள் பாக்கியசாலிகள், பணம் மிச்சம். ஆட்டோமேட்டிக் கடிகாரம் வேண்டும் என்று முடிவு கட்டிவிட்ட தோழர்கள்தாம், "எதை வாங்கலாம், எத்தனை வாங்கலாம்?" என்று என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். சிலர் உதவித்தொகையில் பாதியைத் தவணைக்குக் கொடுக்கவும் துணிந்துவிட்டார்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆட்டோமேட்டிக் என்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. பாட்டரி கிடையாது. ஒரு சிறு டப்பாவுக்குள் சுருண்டிருக்கும் எஃகு ஸ்பிரிங் மெல்ல விரிகிறது. அந்த விசையில் பற்சக்கரங்கள் ஓடுகின்றன. நம் தாத்தாக்கள் அந்த ஸ்பிரிங்குக்குக் காலையில் சாவி கொடுத்தார்கள். ஆட்டோமேட்டிக்கில் கனமான அரைவட்டத் தகடு ஒன்று உள்ளே தொங்குகிறது. கை அசையும்போது அது சுழன்று சாவியை ஏற்றிவிடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்தில் பெர்லே என்பவர் இதைச் சட்டைப் பைக் கடிகாரத்தில் செய்து பார்த்தார். ஆனால் பையில் கிடப்பது எவ்வளவு அசையும்? கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிய பிறகுதான் யோசனை பலித்தது. 1920களில் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் செய்ததில் தகடு முழுதும் சுற்றாமல் இருபுறமும் முட்டித் திரும்பிற்று. 1931ல் ரோலெக்ஸ் அதை முழு வட்டமாகச் சுழலவிட்டது. சாவி நிறைந்த பிறகும் தகடு சுழன்றால் ஸ்பிரிங் அறுந்துவிடாதா என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. ஸ்பிரிங்கின் வெளிநுனி டப்பாவின் சுவரில் ஆணியடித்தாற்போல் மாட்டப்படவில்லை. நிறைந்ததும் சுவரோரம் வழுக்கிக்கொள்ளும்.

இனி, மணி சரியாகக் காட்டுமா? மலிவான ஜப்பானியக் கடிகாரங்களில் தராசுச் சக்கரம் மணிக்கு 21,600 தட்டுத் தட்டுகிறது, அதாவது வினாடிக்கு ஆறு. ஒரு நாளைக்கு அரை நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் அது குறையன்று. நாளொன்றுக்கு 86,400 வினாடிகள் என்று கணக்கிட்டால் பத்தாயிரத்துக்கு மூன்றரைப் பங்கு பிழைதான். ஆயினும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: 1969ல் சீக்கோ கொண்டுவந்த குவார்ட்ஸ் முறையில் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரம் ஒரு மாதம் முழுவதற்கும் அவ்வளவுகூடத் தவறாது. சரியான மணி மட்டுமே வேண்டுமென்றால் அதை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஊருக்குப் போய்வரலாம். தேர்வு மண்டபத்துக்கு என்று சொல்லி வீட்டில் பணம் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல நுழைவுத் தேர்வுகளில் கடிகாரத்தையே வாசலில் கழற்றச் சொல்கிறார்கள்.

நிற்க. முதற் கடிகாரமாக எதை வாங்குவது? என் ஓட்டு சீக்கோ 5க்கே. 1963ல் பிறந்த பெயர் அது. தானே சாவி ஏறுதல், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில், நீர் தாங்குதல், நாலு மணிப் பக்கம் ஒதுங்கிய திருகு, உறுதியான கூடும் செயினும் என்ற ஐந்தையும் குறிக்கவே அந்த 5. பழைய சீக்கோ 5 பலவற்றில் 7எஸ்26 என்ற இயந்திரம் இருக்கும். முரட்டு உழைப்பாளி. ஆனால் திருகைத் திருகிச் சாவி கொடுக்க அதில் வழியில்லை. நூலகத்தில் நாள் முழுதும் கையை மேசைமேல் வைத்துப் படிக்கும் ஆராய்ச்சி மாணவருக்கு அது இரவில் நின்றுபோனாலும் வியப்பில்லை. 2019 முதல் வரும் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸில் உள்ள 4ஆர்36 இயந்திரத்துக்குக் கையாலும் சாவி கொடுக்கலாம்; திருகை இழுத்தால் வினாடி முள்ளும் நிற்கும். இதன் உறவான என்.எச்.35 பல சிறு கம்பெனிகளின் கடிகாரங்களுக்குள்ளும் இருக்கிறது. டயலில் உள்ள பெயரைவிட உள்ளே உள்ள இயந்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சிட்டிசனும் ஓரியன்டும் சளைத்தவை அல்ல. விழாவுக்கு அணிய ஓரியன்ட் பாம்பினோவின் குவிந்த கண்ணாடி அழகு. சிட்டிசனின் 8200 வரிசை இயந்திரத்தில் தகடு ஒரு திசையில்தான் சாவி ஏற்றும். மறு திசையில் சும்மா சுழன்று 'சர்' என்று ஒலிக்கும். இந்த ஒலியைக் கேட்டுப் பயந்துபோன நம் தோழர் ஒருவரிடம், நகரத்துக் கடைக்காரர் ஒருவர் "உள்ளே உடைந்துவிட்டது" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டாராம். நல்லவேளை, அவர் கையில் அன்று பணமில்லை. நம் ஓசூரில் 1984ல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸில் வளர்ந்த கம்பெனி. இப்போது ஆட்டோமேட்டிக்கும் செய்கிறது. ஸ்வாட்ச் 2013ல் கொண்டுவந்த சிஸ்டம்51, ஐம்பத்தொரே உறுப்புகளால் ஆன அற்புதந்தான். ஆனால் மூடி முத்திரையிட்ட கூடு. திறந்து பழுது பார்க்க முடியாது. திறக்க முடியாத கடிகாரத்தை மாணவன் வாங்கலாகாது என்பது என் பிடிவாதம்.

இரண்டாவது கடிகாரத்தில்தான் சங்கடம் தொடங்குகிறது. கழற்றி வைத்த ஆட்டோமேட்டிக் சுமார் நாற்பது மணி நேரத்தில் நின்றுவிடும். மூன்று வைத்திருந்தால் இரண்டு எப்போதும் நின்றே கிடக்கும். எடுக்கும்போதெல்லாம் மணி, தேதி, கிழமை மூன்றையும் திருத்த வேண்டும். அதிலும் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று மணி வரை காட்டும்போது தேதியைத் திருகினால் பற்கள் முறியக்கூடும். ஆகவே இரண்டாவதாகத் தேதியே இல்லாத பழைய எச்.எம்.டி. ஜனதாவைச் சொல்வேன். அது சாவிக் கடிகாரம். ஆட்டோமேட்டிக் பட்டியலில் அதற்கென்ன வேலை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். காலையில் சாவி கொடுத்தால் புறப்பட்டுவிடும்.

எச்.எம்.டி.யில் ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் காஞ்சன் இருக்கிறது. 1961ல் பெங்களூரில் சிட்டிசன் ஒத்துழைப்போடு கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 2016ல் அந்தக் கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. காஞ்சன் ஒரு காலத்தில் மாப்பிள்ளைக் கடிகாரம். என் தகப்பனார் கையில் இருப்பதும் அதுவே. கழற்றித் தரக் கேட்டேன், இன்னும் கிடைக்கவில்லை.

பழையதை வாங்குவோர் கவனிக்க வேண்டியது டயல். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் பழைய டயலுக்குப் புதுச் சாயம் பூசி, 'கம்பெனிச் சரக்கு' என்று விற்கிறார்கள். எழுத்துகள் கோணலாகவோ தடித்தோ இருந்தால் விலகிவிடுங்கள். சாவிக் கடிகாரத்தை ஆட்டோமேட்டிக் என்று விற்பவரும் உண்டு. காதருகே மெல்ல அசைத்தால் தகடு சுழல்வது தெரியும். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துருவோ ஈரக்கறையோ இருந்தால் பேரமே வேண்டாம். டயலில் 30 மீட்டர் என்றிருந்தால் மழைத் தூறலுக்குத் தாங்கும் என்று பொருள். நீச்சல் குளத்துக்கு அன்று. ஒலிபெருக்கியின்மேலும் காந்த மூடி போட்ட கைபேசி உறைமேலும் வைக்காதீர்கள். திடீரென்று நாளுக்குச் சில நிமிஷங்கள் முந்தினால் காந்தம் ஏறியிருக்கலாம். ரிப்பேர்க்காரரிடம் அதை நீக்கும் கருவி இருக்கும், சில வினாடி வேலை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பீரோவை ஒருமுறை துழாவிப் பாருங்கள். மாமாவின் கடிகாரமோ தாத்தாவின் கடிகாரமோ நின்று கிடக்கலாம். கிடைத்ததும் குலுக்கி ஓட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே எண்ணெய் காய்ந்திருந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும். பஸ் நிலையத்துப் பக்கம் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் பெரியவர் இன்னும் கடை வைத்திருந்தால், கழுவி எண்ணெய் போட அவரிடமே கொடுத்துவிட்டு, ரயிலேறும் முன் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே தில்லியில் சாந்தினி சௌக் சந்துகளில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆகிவிடுகிறது.