தாயின் இலையில் ஊறுகாய்

தயிர்ச் சோற்றுக்கு ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். பழைய சோற்றுக்கு இரண்டு மாவடு. காய்ச்சல் தணிந்தும் நாக்கசப்பு நீங்காதவருக்குக் கஞ்சியுடன் உப்பு நார்த்தங்காய். ஊறுகாய்ச் சாடி இல்லாத தமிழ் இல்லம் அரிது. வழிப்பயணத்தில் கட்டுச்சோற்றுக்கு உற்ற துணையும் அதுவே.

அது நெடுநாள் கெடாதிருப்பது எவ்வாறு? உப்பானது காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. உப்பு மிகுந்த இடத்தில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. புளிப்பும் அவற்றைத் தடுக்கிறது. மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றை விலக்கிப் பூசணம் படராமல் காக்கிறது. ஈரக் கரண்டியை உள்ளே இடலாகாது என்று நம் பாட்டிமார் கண்டித்ததும் இதனாலேயே; நீர் சேர்ந்தால் உப்பின் வலிமை குன்றும். உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்குமாதலால் அவர்கள் பீங்கான் சாடியையே நாடினர்.

ஆயினும் ஊறுகாய் சுவைக்குத் துணையேயன்றி உணவாகாது. எலுமிச்சையிலும் நெல்லியிலும் உள்ள வைட்டமின் 'சி' சூட்டினாலும் நாட்பட வைப்பதாலும் குறைந்துபோகும். தொட்டுக்கொள்ளும் அளவில் புரதம் இல்லை என்றே கூறலாம். மிகுதியாக இருப்பது உப்பு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 100 கிராம் ஊறுகாயில் 12 கிராம் உப்பு இருக்குமாயின், 20 கிராம் உண்பவர் 2.4 கிராம் உப்பை அதிலேயே பெற்றுவிடுகிறார். குழம்பும் அப்பளமும் கருவாடும் இன்னும் கணக்கில் வரவில்லை! மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். அதன் விளைவு மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ முடியக்கூடும்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் குழம்பையும் கீரையையும் பரிமாறிவிட்டு, எஞ்சிய சோற்றை ஊறுகாயுடன் உண்டு எழும் தாய்மார் எத்தனை பேர்! இதனை நாம் தியாகம் என்று புகழ்ந்து அமைதியடைகிறோம். ஆனால் அவர்களுக்குக் கிட்டுவதோ உப்பு மட்டுமே. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை பெண்களையே, அதிலும் கருவுற்றோரையே, பெரிதும் வாட்டுகிறது.

பரிகாரம் எளிது. வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். தாயின் பங்கான பருப்பும் முருங்கைக்கீரையும் முதலிலேயே எடுத்து வைக்கப்படட்டும். கீரையின் மீது புதிய எலுமிச்சைச் சாறு சிறிது பிழிந்தால், அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். ஊறுகாய் இலையின் ஓரத்தில் ஒரு சிறு துண்டாக இருக்கட்டும். அதன் இடம் அதுவே. பிள்ளைகளே, அடுத்த கரண்டிக் குழம்பை வாங்குமுன், அம்மாவுக்கு மிச்சம் இருக்கிறதா என்று சட்டியைப் பாருங்கள்.