பயிற்சி மட்டும் போதாது

மதுரை ஆனையூரிலும் திருவாதவூரிலும், திருமங்கலம் அருகே உச்சப்பட்டியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு பல கட்டங்களாகத் தமிழகம் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில்தான் வளர்கின்றனர். இவர்களின் தொழிற்பயிற்சிக்கு மக்களின் வரிப்பணத்தைச் செலவிடலாமா என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. செலவிடத்தான் வேண்டும் என்பதே என் பதில். ஆனால், அந்தப் பணம் பயன் தர வேண்டுமானால் இன்னொரு கதவும் திறக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் 110-ஆவது விதியின் கீழ், முகாம் மக்களுக்காக ரூ.317.40 கோடி மதிப்பிலான திட்டங்களை அறிவித்தார். அதில் ரூ.231.54 கோடி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்கானது. 5,000 பேரின் திறன் மேம்பாட்டுப் பயிற்சிக்கு ரூ.10 கோடி, அதாவது, ஒருவருக்கு ரூ.20,000. அதே அறிவிப்பில் குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை ரூ.1,500 ஆக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு ரூ.18,000. ஓராண்டு உதவித்தொகையைவிடச் சற்றே கூடுதலான தொகையில் ஒருவரைச் சொந்தக் காலில் நிற்கச் செய்ய முடியுமென்றால், அதைவிடச் சிக்கனமான செலவு வேறில்லை.

சிக்கல் பயிற்சிக்குப் பின்னரே தொடங்குகிறது. குடியுரிமை இல்லாததால் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாததால் வெளிநாட்டு வேலையும் எட்டாக்கனி. முகாம் கணக்கெடுப்பின்போது நேரில் இருக்க வேண்டும் என்பதால் தொலைதூர ஊர்களில் தங்கிப் பணிபுரிவதும் கடினம். படித்த இளைஞர்கள்கூட வண்ணம் பூசும் கூலி வேலைக்குச் செல்வது இதனால்தான்.

சட்டமும் இவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1987 ஜூலை 1 முதல் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு, பிறப்பு மட்டுமே குடியுரிமையைத் தந்துவிடாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இது வரவேற்கத்தக்கது. எனினும், தண்டனையிலிருந்து விலக்கு என்பது வாழ்வதற்கான உரிமை ஆகிவிடாது.

ஜெர்மனி 2016-இல் ஒரு வழி கண்டது. தஞ்சம் மறுக்கப்பட்டவர்கூடத் தொழிற்பயிற்சியில் சேர்ந்துவிட்டால், பயிற்சிக்கான மூன்றாண்டுகளும் அதன்பின் வேலை செய்ய இரண்டாண்டுகளும் அங்கே தங்கலாம். பயிற்சிக்குச் செலவிடும் அரசு, அதன் பலனையும் தன் நாட்டிலேயே பெற வேண்டும் என்ற எளிய கணக்கு அது.

நாமும் அந்தக் கணக்கைப் போட வேண்டும். பயிற்சி முடித்தவர் இந்தியாவில் எங்கும் தங்கிப் பணிபுரிய மத்திய அரசு ஆவணம் வழங்க வேண்டும். முகாம் நடைமுறைகளை மாநில அரசு தளர்த்த வேண்டும். இங்கேயே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை அளிக்க வேண்டும். இல்லையேல், நாம் செலவிடும் கோடிகள் சுவரில் மாட்டும் சான்றிதழ்களாகவே நின்றுவிடும்.