ஒளிந்திருந்த தங்க மங்கை

டிக்கெட் வாங்காமல் ஒரு தேசம் முழுவதையும் பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றிப் பார்க்கலாம் என்று சொன்னால் நம்புவீர்களா? திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. 2020-ஆம் வருஷம் பிப்ரவரி கடைசியிலிருந்து லக்ஸம்பர்க் நாட்டில் பஸ், டிராம், ரயில் எல்லாமே இலவசம். (முதல் வகுப்பில்தான் உட்காருவேன் என்று அடம் பிடிக்கிறவர்கள் மட்டும் ரயிலில் காசு கொடுக்க வேண்டும்.)

நாடு சிறியது. வடக்கிலிருந்து தெற்கே அளந்தால் 82 கிலோ மீட்டர். கிழக்கு மேற்காக 57. பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம் என்ற மூன்று வீடுகளுக்கு நடுவே ஒண்டுக் குடித்தனம் இருப்பதைப் போன்ற நிலைமை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக் கொண்ட போதெல்லாம் இந்த வீட்டுப் பாத்திரங்கள்தான் நசுங்கின. அதனாலேயே இங்கே பார்க்க வேண்டிய ஞாபகச் சின்னங்களும் அதிகம்.

தலைநகரின் பெயரும் லக்ஸம்பர்க்தான். கி.பி. 963-ல் சீக்ஃபிரீட் என்ற பிரபு, ஆற்றுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பொக் என்ற பாறையை வாங்கிக் கோட்டை கட்டினார். அன்று பிடித்தது வினை! இந்தப் பாறை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கை ஓங்கும் என்று ஸ்பெயின் வந்தது, பிரான்சு வந்தது, ஆஸ்திரியா வந்தது, பிரஷ்யாவும் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் மதிலை உயர்த்தினார்கள், பாறையைக் குடைந்தார்கள். குடைந்த சுரங்கங்களின் மொத்த நீளம் 23 கிலோ மீட்டர். அடேயப்பா! கடைசியில் 1867-ல் லண்டனில் வல்லரசுகள் கூடி, "இந்தக் கோட்டை இருக்கும் வரையில் நமக்குள் சமாதானம் வராது, இடித்து விடுங்கள்" என்று தீர்மானித்தன. இடிக்கவே பதினாறு வருஷம் பிடித்தது. சுரங்கங்களை வெடி வைத்துத் தகர்த்தால் மேலே இருக்கும் ஊரே சரிந்து விடும் என்பதால் அவற்றில் பெரும்பகுதியை விட்டு வைத்தார்கள். பிற்பாடு உலக யுத்தத்தில் குண்டு விழுந்த நாட்களில் 35,000 பேர் ஒதுங்கக் கூடிய பெரிய புகலிடமாக அவை பயன்பட்டன. போருக்காகத் தோண்டிய பள்ளம் பெண்களையும் குழந்தைகளையும் காப்பாற்றியது என்றால், அதைத் தோண்டிய தளபதிகளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இந்தப் பாறைக்கு ஒரு கதையும் உண்டு. சீக்ஃபிரீட்டின் மனைவி மெலுஸினா, கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாளாம். சனிக்கிழமைகளில் தன்னை யாரும் பார்க்கக் கூடாது. புருஷர்கள் எத்தனை நாள் பொறுமையாக இருப்பார்கள்? ஒரு சனிக்கிழமை சாவித் துவாரம் வழியே பார்த்து விட்டார். குளித்துக் கொண்டிருந்தவளுக்கு இடுப்புக்குக் கீழே மீன் வால்! அந்த நிமிஷமே அவள் பாறைக்குள் மறைந்து போனாள். உள்ளே உட்கார்ந்து இன்னமும் ஒரு சட்டை பின்னிக் கொண்டிருக்கிறாளாம். ஏழு வருஷத்துக்கு ஒரு தையல்தான் போடுவாளாம். சட்டை முடிந்தால் ஊரும் முடிந்தது என்கிறார்கள். நல்ல வேளை, அவசரக்காரி இல்லை.

மெலுஸினா கதை. தங்க மங்கையின் விஷயம் நிஜமாக நடந்தது.

நகரத்தின் நடுவே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி 21 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் ஸ்தூபி நிற்கிறது. அதன் உச்சியில், இரு கைகளாலும் மலர் வளையத்தை நீட்டிப் பிடித்துக் கொண்டு, பொன் முலாம் பூசிய ஒரு பெண். ஊரார் அவளை "கெல்ல ஃப்ரா" என்கிறார்கள். தங்க மங்கை என்று பொருள். முதல் உலக யுத்தத்தில் பிரான்சின் பக்கம் சேர்ந்து போரிட்டு மடிந்த லக்ஸம்பர்க் வாலிபர்களின் நினைவுக்காக, கிளவுஸ் சிட்டோ என்ற சிற்பி செய்தது. 1923-ல் திறந்தார்கள். மெல்லிய உடை அவள் உடம்போடு ஒட்டியிருக்கிறதே என்று அப்போது முகம் சுளித்தவர்களும் உண்டு.

1940 மே 10-ல் ஹிட்லரின் படை நாட்டுக்குள் நுழைந்தது. அக்டோபர் மாதம் தங்க மங்கையை இழுத்துத் தள்ளினார்கள். ஜனங்கள் திரண்டு வந்து ஆட்சேபித்தார்கள்; பலர் கைதானார்கள். விழுந்த சிலை எங்கே போயிற்று? யுத்தம் முடிந்தது. ஸ்தூபியின் அடியில் இருந்த ஆண் உருவங்கள் கிடைத்தன, மறுபடி வைத்தார்கள். அவள் மட்டும் இல்லை. உருக்கி விட்டிருப்பார்கள் என்று பலரும் கை கழுவினார்கள்.

சுமார் நாற்பது வருஷம் கழித்து அவள் அகப்பட்டாள். எங்கே தெரியுமா? நகரத்தின் கால்பந்து மைதானத்தில், பார்வையாளர்கள் உட்காரும் மேடைக்கு அடியில்! மேலே ஜனங்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஆர்ப்பரித்த போதெல்லாம் அவள் கீழே மௌனமாகப் படுத்திருந்தாள். 1985 ஜூன் 23, தேசியத் திருநாளன்று மறுபடி ஸ்தூபியின் மேல் ஏறினாள்.

அதே நாட்டின் இன்னொரு பெண்மணி அதைக் காண உயிரோடு இருந்தார். அவர் ராணி ஷார்லட். 1919-ல் முடியாட்சி வேண்டுமா, வேண்டாமா என்று நடந்த ஓட்டெடுப்பில் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். ஷார்லட் அமோகமாக ஜெயித்தார். ஹிட்லர் படை வந்த போது அந்நிய தேசம் சென்று, லண்டன் வானொலி மூலம் தம் ஜனங்களோடு பேசினார். 1945 ஏப்ரலில் திரும்பி வந்தார். தங்க மங்கை திரும்பவும் நின்ற பதினாறாம் நாள், 1985 ஜூலை 9-ல் காலமானார். ராஜ அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

இவ்வளவு பிடிவாதம் இந்தச் சின்ன ஜனங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1941 அக்டோபரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாஜிகள் வீட்டுக்கு வீடு ஜனத்தொகைக் கணக்குப் படிவம் கொடுத்தார்கள். உன் பிரஜா உரிமை என்ன? உன் தாய்மொழி என்ன? உன் இனம் என்ன? லக்ஸம்பர்கிஷ் என்பது வெறும் பேச்சு வழக்கு, அதைத் தாய்மொழி என்று எழுதக் கூடாது என்றும் கட்டளை. மூன்றுக்கும் "ஜெர்மன்" என்று எழுதுவார்கள், அதைக் காட்டியே நாட்டை விழுங்கி விடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் "மூன்று தடவையும் லக்ஸம்பர்க்!" என்று ரகசியமாகச் செய்தி பரவியது. அடுப்படியிலும் ரொட்டிக் கடை வாசலிலும் இதே பேச்சு. முன்கூட்டி எடுத்துப் பார்த்த மாதிரிக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அப்படியே எழுதியிருந்தார்கள். நாஜிகள் கணக்கெடுப்பையே ரத்து செய்து விட்டார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை, பேனாதான் ஓடியது. அந்த மொழி 1984-ல் சட்டப்படி தேசிய மொழியாயிற்று.

மறு வருஷம் விலை கொடுக்க வேண்டி வந்தது. 1942 ஆகஸ்ட் 30-ல், இளைஞர்கள் ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்தே தீர வேண்டும் என்று உத்தரவு. மறுநாளே வடக்கே வில்ட்ஸ் என்ற சிற்றூரில் வேலை நிறுத்தம் தொடங்கி நாடெங்கும் பரவியது. ஷிஃப்லாங் இரும்பாலையில் சங்கு ஊதி வேலையை நிறுத்திய தொழிலாளி ஹான்ஸ் ஆடம், பிறப்பால் ஜெர்மானியர்! அவர் உட்பட இருபத்தொரு பேருக்கு மரண தண்டனை. அப்படியும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிடித்துக் கொண்டு போனார்கள். வில்ட்ஸில் 1956-ல் கலங்கரை விளக்கம் போல ஒரு கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். கடலே இல்லாத நாட்டில் கலங்கரை விளக்கம் எதற்கு என்று முதலில் தோன்றும். ஊரின் கதை தெரிந்த பிறகு கேட்கத் தோன்றாது.

தலைநகரின் ஓரத்தில் ஹம் என்ற இடத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் உறங்குகிறார்கள். வெள்ளைச் சிலுவைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஜெனரல் பாட்டனுக்கும் அதே மாதிரிச் சிலுவைதான். கூட்டம் தாங்காமல் அவரை மட்டும் முன்னால் தனியே மாற்றி வைத்தார்கள். நடந்து போகிற தூரத்தில் ஸாண்ட்வைலரில் ஜெர்மன் சிப்பாய்களின் மயானம். பதினாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். அங்கே சிலுவைகள் கறுத்த கல். ஒரே கல்லில் பல பெயர்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்து விடுவது நல்லது. ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி யுத்தத்தைத்தான் பார்த்ததாகும்.

மனம் கனத்து விட்டதா? கிழக்கே எக்டர்நாக்குக்கு வாருங்கள். 698-ல் புனித வில்லிப்ரார்ட் மடம் அமைத்த ஊர். ஈஸ்டர் கழிந்து ஏழு வாரத்துக்குப் பின் வரும் செவ்வாய்க்கிழமை, ஊரே நடனமாடிக் கொண்டு தேவாலயத்துக்குப் போகிறது. ஒருவர் கைக்குட்டையின் நுனியை அடுத்தவர் பிடித்துக் கொள்ள, வரிசை வரிசையாக இடமும் வலமுமாகத் துள்ளுகிறார்கள். பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லோருக்கும் ஒரே தாளம், ஒரே மெட்டு. 1944 டிசம்பர்ச் சண்டையில் அந்தத் தேவாலயம் நொறுங்கிப் போயிற்று. திரும்பக் கட்டி 1953-ல் அபிஷேகம் செய்தார்கள்.

அங்கிருந்து வடக்கே வியாண்டன். மலை மேல் கோட்டை, கீழே ஆறு, நடுவே ஒற்றைத் தெரு. 1820-ல் அரசர் முதலாம் வில்லியம் இந்தக் கோட்டையை ஒரு வியாபாரிக்கு விற்று விட்டார். அந்த மனிதர் கூரை, மரம், கதவு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் காசாக்கினார். இப்படிப்பட்ட ஆசாமிகள் எந்த ஊரில்தான் இல்லை! 1871-ல் பெல்ஜியத்திலிருந்து வெளியேற்றப்பட்ட விக்டர் ஹ்யூகோ பாலத்தருகே ஒரு வீட்டில் தங்கிய போது கோட்டை வெறும் இடிபாடாகத்தான் இருந்தது. அவர் தங்கிய வீடு இன்று காட்சிசாலை. கோட்டை 1977-ல் சர்க்கார் வசம் வந்த பிறகு கூரை, கூடம் எல்லாம் பழையபடி உருவாயின.

அக்டோபரில் போனால் வியாண்டன் தெருவில் அக்ரோட்டுச் சந்தை கூடும். அக்ரோட்டு ரொட்டி, அக்ரோட்டுக் கேக், அக்ரோட்டு எண்ணெய் என்று மணக்கும். பையில் கொஞ்சம் இடம் விட்டுக் கொண்டு போங்கள்.