விபத்தும் மருத்துவச் செலவும்

மோட்டார் விபத்தில் காயமுற்றவர் உயிர் பிழைத்தபின் எழும் முதற் கேள்வி, மருத்துவச் செலவை யார் ஏற்பது என்பதாகும். வண்டிக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று என இரு காப்புறுதிகள் உள்ளவருக்கு விடை எளிதெனத் தோன்றலாம். ஆனால், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டினால் தவிப்பவர் நோயாளியே ஆவார்.

இதற்குச் சட்டத்தாலேயே வரிசை வகுத்த இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். குற்றம் யாருடையது என வழக்காடி முடிக்கும்வரை காயமுற்றவரைக் காக்க வைத்தல் முறையன்று என்று, இராபர்ட் கீட்டன், ஜெஃப்ரி ஓகானல் என்னும் சட்டப் பேராசிரியர் இருவரும் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதிட்டனர். அவ்வழிப்பட்ட சட்டம் இம்மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் அதுவே இவ்வகையில் முதற் சட்டமாகும். குற்றம் யாருடையதாயினும், ஓட்டுநர், உடன் சென்றவர், அடிபட்ட பாதசாரி ஆகியோரின் செலவை வண்டிக் காப்புறுதி ஒரு வரம்புவரை ஏற்கும். 2,000 டாலராக இருந்த அவ்வரம்பு, 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 8,000 டாலராயிற்று. இழந்த ஊதியத்தில் முக்காற் பங்கும் இத்தொகைக்குள்ளேயே அடங்கும்.

வண்டிக் காப்புறுதியின் சந்தாச் சுமை ஏறாமலிருக்க, அத்திருத்தம் உடல்நலக் காப்புறுதிக்கும் ஒரு பங்கை வகுத்தது. முதல் 2,000 டாலரை வண்டிக் காப்புறுதி கொடுக்கும். அதற்கு மேற்பட்ட மருத்துவச் செலவை முதலில் உடல்நலக் காப்புறுதியிடம் கேட்கவேண்டும். அது ஏற்காது நோயாளியின் தலையில் விடும் பங்கு, 8,000 டாலர் வரம்பு தீரும்வரை மீண்டும் வண்டிக் காப்புறுதியைச் சாரும்.

எடுத்துக்காட்டாக, மருத்துவச் செலவு 10,000 டாலர் எனக் கொள்வோம். வண்டிக் காப்புறுதி 2,000 தருகிறது. எஞ்சிய 8,000-இல் உடல்நலக் காப்புறுதி 7,000 தந்தால், மிஞ்சும் 1,000-ஐ வண்டிக் காப்புறுதியிடமே கேட்கலாம். நோயாளி தம் கைப்பொருளை இழப்பதில்லை. உடல்நலக் காப்புறுதி இல்லாதவருக்கோ வண்டிக் காப்புறுதி 8,000 டாலரோடு நின்றுவிடும். மீதி 2,000 அவர் தலைமேல் விழும். வயதுவந்தோர் உடல்நலக் காப்புறுதி பெற்றிருக்கவேண்டும் என 2006-ஆம் ஆண்டு அம்மாநிலம் சட்டம் செய்ததன் பயன்களுள் ஒன்று இங்கே விளங்கும்.

வரிசை தவறினால் பணம் கிட்டுவது தாமதமாகும். முதல் 2,000 தீர்ந்தது என்பதற்கு வண்டிக் காப்புறுதியின் கடிதத்தை உடல்நலக் காப்புறுதி கேட்பதுண்டு. அக்கடிதம் இன்றேல் மருத்துவமனைச் சீட்டு திரும்பிவந்து, நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டும். ஆகவே, காப்புறுதி எடுப்பதோடு கடமை முடிவதில்லை. எது முன், எது பின் என அறிந்திருத்தலும் வேண்டும்.