உங்களுக்குத் தெரியுமா? அஞ்சல் தலைகளில் இலங்கை

இலங்கையின் முதல் அஞ்சல் தலை 1857 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தது. விலை 6 பென்ஸ். அரை அவுன்ஸ் எடைக் கடிதத்தை இங்கிலாந்துக்கு அனுப்ப அப்போது ஆன கட்டணம் அதுவே. விக்டோரியா அரசியின் முகம் பொறித்த அந்தத் தலை லண்டனில் அச்சானது. ஓரத்தில் துளை வரிசை இல்லாததால் கத்தரியால் வெட்டித்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

1859இல் எண்கோணச் சட்டத்துடன் வந்த 4 பென்ஸ் 'டல் ரோஸ்' (மங்கிய ரோஜா நிற) தலை, இத்தீவின் அஞ்சல் தலைகளிலேயே மிக அரியதாகச் சேகரிப்பாளர்களால் போற்றப்படுகிறது. 1872இல் பென்ஸ் போய், ரூபாயும் சதமும் வந்தன.

முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அரச முகங்களே இடம்பெற்ற இடத்தில், 1935இல் தொடங்கிய தொடர் நாட்டையே காட்டியது: சிவனொளிபாதமலை, கண்டி தலதா மாளிகை, பழங்கால ஏரி, திருகோணமலை, காட்டு யானைகள், ரப்பர் பால்வெட்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் காட்சியும் அதில் உண்டு. தமிழகத்திலிருந்து மலையகம் சென்ற குடும்பங்களின் உழைப்பு அந்தச் சிறு தாளில் பதிந்திருக்கிறது. 1938இல் சிகிரியாக் குன்றும் சேர்ந்தது.

1960களில் பறவைகள் வந்தன. இலங்கையில் மட்டுமே வாழும் காட்டுக்கோழி அவற்றுள் ஒன்று; அதுவே நாட்டின் தேசியப் பறவை.

1972 மே 22இல் நாடு குடியரசானபோது 'சிலோன்' என்ற ஆங்கிலப் பெயர் 'ஸ்ரீலங்கா' ஆயிற்று. இன்றைய தலைகளில் சிங்களம், ஆங்கிலத்துடன் 'இலங்கை' என்று தமிழிலும் பெயர் அச்சாகிறது.