பக்கத்தில் அமர்ந்து உண்பவர்

பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்குப் புல்லுருவியைத் தெரியாமல் இராது. மரம் ஒன்றுதான், ஆனால் ஒரு கிளையில் மட்டும் வேறு இலை, வேறு பூ. குருவி தின்று போட்ட பிசுபிசுப்பான விதை கிளையில் ஒட்டி முளைத்து, வேரை மரத்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. மண்ணைத் தொடாமலே, மரம் இழுத்த நீரைக் குடித்து அது வாழ்கிறது. இவ்விதம் பிற உயிரை அண்டிப் பிழைப்பவற்றை நாம் ஒட்டுண்ணி என்கிறோம். மருத்துவர்கள் 'பாரசைட்' என்பார்கள்.

அது கிரேக்கச் சொல். 'பாரா' என்றால் பக்கத்தில். 'சிடோஸ்' என்றால் தானியம், உணவு. பக்கத்தில் அமர்ந்து உண்பவர் என்பது பொருள். வேடிக்கை என்னவென்றால், முதலில் இது மரியாதைக்குரிய பெயராக இருந்தது. பண்டைய ஏதென்சு நகரில் கோயில் பணி செய்து, கோயில் விருந்தில் உடன் உண்டவர்களை அப்படி அழைத்தார்கள். பிறகு பொருள் இறங்கிவிட்டது. பணக்காரர் வீட்டுப் பந்தியில் அழையாமல் நுழைந்து, நாலு முகஸ்துதியும் இரண்டு நகைச்சுவையும் சொல்லி வயிறு நிரப்புகிறவனுக்கு அதுவே பெயராயிற்று. கிரேக்க நாடகங்களிலும், பின்னர் ரோமாபுரியில் பிளாட்டஸ் எழுதிய நாடகங்களிலும் அவனைக் கண்டு மக்கள் சிரித்தார்கள். நெடுங்காலம் கழித்தே இயற்கை நூலார் செடிக்கும் புழுவுக்கும் அப்பெயரைச் சூட்டினார்கள்.

அந்த முகஸ்துதிக்காரன் ஒரு சிரிப்பையாவது தந்தான். கொக்கிப்புழு என்ன தருகிறது? இதன் விஞ்ஞானப் பெயர் 'அன்கைலோஸ்டோமா'. இதுவும் கிரேக்கந்தான், வளைந்த வாய் என்று பொருள். 1838ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் டுபினி என்ற மருத்துவர், இறந்துபோன குடியானவப் பெண் ஒருத்தியின் குடலில் இதைக் கண்டார்.

மலத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலக்கிறது. நுரையீரல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. அங்கே வளைந்த வாயால் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. கழிப்பிடம் சரியில்லாத அக்காலத் தோட்டங்களில், செருப்பின்றி நிரைக்குப் போனவர்களுக்கு இது கூடவே வந்த விருந்தாளி. முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, வேலையில் பின்தங்கி, 'சோம்பேறி' என்று ஏச்சு வாங்கினார்களே, அவர்களில் எத்தனை பேர் இரத்தம் வற்றிப் போனவர்களோ! இரத்தக் குறைவைச் சொல்லும் 'அனீமியா'வும் கிரேக்கமே: 'ஆன்' இல்லாமை, 'ஹைமா' இரத்தம். இன்று பூச்சி மாத்திரை இருக்கிறது. கிளினிக்கில் கேட்டு வாங்கலாம். ஆனால் செருப்பும் கழிப்பறையும் இல்லையென்றால் அந்த விருந்தாளி திரும்பி வந்துவிடுவான்.

மலேரியாவும் ஒட்டுண்ணியால் வருவதே. அல்ஜீரியாவில் 1880ஆம் ஆண்டு லாவரான் அதை இரத்தத்தில் கண்டார். மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு கொண்டுசெல்லும் பழைய மலேரியா உள்நாட்டில் பரவவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் 'நோலெசி' மலேரியா இருக்கிறது, உயிரையும் குடித்திருக்கிறது. காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்வோரை அது அதிகம் பிடிக்கிறது. இரத்தத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் நோய் விரைவில் முற்றிவிடும். ஆகவே காய்ச்சல் கண்டால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். குரங்குகள் நடமாடும் இடத்தில் வேலை செய்கிறேன் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.